ஆறுதல் சொன்ன அதிகாரிக்கு முன்னால்

என் மகள் ஒரு தொண்டு நிறுவனத்தில் பயிற்சி கொடுக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறாள். "எங்கட ஒஃபிசுக்குப் புதிசா வந்த புள்ளையளுக்கு நீங்க ஏதாவது எழுதித் தாங்க வாப்பா" என்று கேட்டாள். நான் பத்தாம் வகுப்புக்குப் பிறகு எழுதும் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். உங்கள் பயிற்சிக் கையேடுகளில் இருக்கும் வட்டங்களும் அம்புக்குறிகளும் எனக்கு இன்றும் முழுதாக விளங்குவதில்லை. ஓய்வு பெறும் வரைக்கும் நான் செய்த வேலை, கல்முனையிலிருந்து கோமாரி வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போய், ஆட்களைப் பாயில் இருத்தி, அதிகாரிமாரோடு எப்படிக் கதைக்க வேண்டும் என்று பழக்கியதுதான். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு எங்கள் அலுவலகத்தில் 'பரிந்து பேசும் பயிற்சி' என்று பெயர். முதல் நாள் பயிற்சியில் கரைவலை இழுக்கும் ஒரு பெரியவர் எழும்பி, "இது வக்கீல்மார்ர வேலைதானே தம்பி?" என்று கேட்டார்.

"இல்ல காக்கா" என்றேன். எங்கள் பக்கம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். "வக்கீல் காசெடுத்துப்போட்டு மத்தவனுக்காகக் கதைப்பான். நீங்க காசில்லாம உங்களுக்காகக் கதைக்கணும்."

"அப்ப பகல் சாப்பாட்டுப் பார்சலாவது இரிக்கா?"

சனம் சிரித்தது. பார்சல் இருந்தது. சிரிப்பும் பார்சலும் இருந்தால் பயிற்சி நல்லபடியாக நடந்துவிட்டது என்று நாங்கள் எழுதி அனுப்பிவிடுவோம். பழக்கிய ஆள் உண்மையான கூட்டத்தில் எழும்பி நிற்கும்போதுதான் என்ன பழக்கினோம், எதைப் பழக்காமல் விட்டோம் என்பது தெரியும். அப்படித் தெரியவந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன். ஊரின் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

கல்முனைக்குத் தெற்கே, களப்பு எனும் உப்புநீர் ஏரி கடலில் போய்ச் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி முஸ்லிம் கடற்றொழிலாளர் ஊர் ஒன்று இருக்கிறது. போட்டுகளைக் களப்புக்குள் கட்டிவைப்பார்கள். கடலுக்குப் போவதும் வருவதும் அந்த முகத்துவாரத்தால்தான். கோடையில் மணல் வந்து வாயை முக்கால்வாசி அடைத்துவிடும். மண்வெட்டியால் வெட்டினால் கடல் அதைத் திரும்பவும் மூடும். மெசின் இறக்கி ஆழமாக வெட்ட வேண்டும். அதற்கான காசைப் பள்ளிவாசலில் வசூலித்துச் சேர்த்துவிடலாம். ஆனால் கடற்கரையில் மெசின் இறக்க அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். உள்ளே வயல்காரருக்கு வெள்ளம் வடிய வேண்டுமென்றால் முகத்துவாரத்தை வெட்ட உடனே உத்தரவு வரும். அவர்களுக்கு வயல் கூட்டம் இருக்கிறது, கதைக்கத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். கடல்காரருக்காக யாரும் வெட்டியதில்லை.

அந்தக் கோடையில் அஸ்வர் என்ற ஒருவர் மீனோடு திரும்பி வரும்போது போட் மணலில் ஏறி, பின்னால் வந்த அலையில் கவிழ்ந்து மௌத்தாகிவிட்டார். கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நடந்தது. அவருடைய மனைவி ஹசீனா. அவளுடைய தம்பி ரிஸ்வானும் கடல்தொழில்தான். அதே முகத்துவாரத்தால் போய் வருகிறவன். அவனுடைய உழைப்பில்தான் இனி அந்த வீடு ஓட வேண்டும்.

ஊர்ச் சங்கம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி கூட்டம் நடத்த வரப்போகிறார், அனுமதி கொடுப்பவர் அவர்தான், கடல் பொங்கும் மாரிக்கு முன்னால் இதுபோல இன்னொரு வாய்ப்புக் கிடைக்காது என்றார்கள். எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவ காரைதீவைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண்மணி. நாங்கள் எல்லோரும் அவவை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். மிஸ் உடனே சொன்னா, "சங்கத்துத் தலைவர் கதைச்சா அது கோரிக்கை. பறிகொடுத்த ஆள் கதைச்சாத்தான் அது அவருக்கு உறைக்கும்."

பறிகொடுத்தவள் ஹசீனா. ஆனால் அவள் இத்தாவில் இருந்தாள். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: எங்களில் புருசன் மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பா. அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரமாட்டா. தவிர்க்க முடியாத தேவைக்குப் பகலில் வெளியே போகலாம் என்று மார்க்கத்தில் இடம் இருக்கிறது. ஊரின் வாயில் அதற்கு இடம் இல்லை.

மிஸ் பெண் என்றபடியால் உள்ளே போய் ஹசீனாவோடு ஒரு பொழுது முழுக்க இருந்துவிட்டு வந்தா. வெளியே வந்து, "பாவம், அந்தப் புள்ளைய இந்த நேரத்தில இதுக்குள்ள இழுக்கக்கூடாது" என்றா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாங்கள் எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டதாகவே நினைத்தோம். ஹசீனாவுக்குப் பதிலாக ரிஸ்வான் கதைப்பது என்று முடிவானது.

ரிஸ்வான் நல்ல பொடியன். இருபத்தைந்து வயதிருக்கும். கடலில் நின்றால் காற்றை விடச் சத்தமாகக் கத்துவான். கரையில் யாராவது கொஞ்சம் பெரிய ஆள் வந்தால் சாரத்தின் மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டு நிலத்தைப் பார்ப்பான். அவனுக்கு மூன்று வசனம் மட்டும் பாடமாக்குவது என்று மிஸ் தீர்மானித்தா. பயிற்சியை ஹசீனாவின் வீட்டு விறாந்தையிலேயே வைத்தோம். அவன் கடலுக்குப் போய்வந்து நித்திரை கொள்வது அங்கேதான்.

நான் அதிகாரியாக நடிப்பேன். பிளாஸ்டிக் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்துகொண்டு அவனை வெருட்டுவேன்.

"என்ன தம்பி, கடலுக்குப் போற ஆளுக்குக் கடல் எப்படியெண்டு தெரியாதா? ஆர் உங்களப் போகச் சொன்ன?"

"சேர்..."

"என்ன சேர்? சுறுக்காச் சொல்லு. எனக்கு வேற கூட்டம் இரிக்கி."

ஒரு நாள் உள்ளேயிருந்து ஹசீனாவின் குரல் வந்தது. "காக்கா, அவன இப்பிடி ஏசாதீங்க. மெய்யாவே அழுதிருவான்."

"அழட்டும் தங்கச்சி. இங்க அழுதா அங்க அழமாட்டான்."

"நீங்க ஏசுற ஏச்சுக்கு அந்த அதிகாரி வந்தா பயந்து ஓடிருவார்" என்றாள். வாசல் திரைக்குப் பின்னால் சின்னதாக ஒரு சிரிப்பு. அஸ்வர் மௌத்தான பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. தேத்தண்ணி அவளுடைய மகள் கையில் வெளியே வரும். குடித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவோம்.

மெல்ல மெல்ல ரிஸ்வான் தேறினான். நான் எவ்வளவு கத்தினாலும் நிமிர்ந்து நின்று சொல்லக்கூடியவனாக வந்தான்:

"எங்கட மச்சான் நடுக்கடல்ல மௌத்தாகல்ல சேர், ஊட்டுக்கு வாற வழியில, முகத்துவாரத்து மணல்ல போட் ஏறித்தான் மௌத்தானார். மணல வெட்டுற மெசின நாங்க பிடிப்பம், அனுமதி உங்கட கையில இரிக்கி. இந்த மாரிக்கு முன்னம்... அந்த அனுமதியத் தாங்க."

மூன்றாவது வசனத்தில் மட்டும் ஒரு திக்கல். 'மாரிக்கு முன்னம்' என்றதும் தொண்டை அடைத்து, எச்சில் விழுங்கிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்வான். அதை மாற்ற எவ்வளவோ முயன்றோம். மிஸ் கடைசியில், "விடுங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கு. அந்த இடத்தில அவருக்கும் ஒரு நிமிசம் யோசிக்கக் கிடைக்கும்" என்றா.

கூட்டம் ஊர் மண்டபத்தில் நடந்தது. பள்ளிவாசலை நடத்தும் மரைக்காயர்மார், சங்கத்து ஆட்கள், நாங்கள். அதிகாரி வந்தார். எங்கள் மாகாணத்து மனிதர்தான், நல்ல தமிழ் கதைப்பவர். ரிஸ்வான் எழும்பினான். வெள்ளைச் சேட்டு, புதுச் சாரம். நான் பின்வரிசையில் இருந்துகொண்டு மனதுக்குள் முதல் வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன்.

யாரோ அதிகாரியின் காதில் இவன் யாரென்று சொன்னார்கள். அவர் கதிரையை விட்டு எழும்பினார். மேசையைச் சுற்றிக்கொண்டு ரிஸ்வானிடம் வந்தார். அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உங்கட மச்சான்ட மௌத்தக் கேட்டு எனக்கு நித்திரையே வரல்ல. அல்லாஹ் அவருக்கு சுவர்க்கத்தக் குடுக்கட்டும். உங்கட ராத்தாவுக்கும் புள்ளைக்கும் பொறுமையக் குடுக்கட்டும்" என்றார்.

அவருடைய கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. இன்று வரைக்கும் அவரை நான் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன்.

எங்கள் ஊர்களில் ஒருவர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னால் அதற்கு ஒரு மறுமொழிதான் உண்டு. சிறுபிள்ளையிலிருந்து மௌத்து வீடுகளில் கேட்டுக் கேட்டு நாக்கில் ஊறிப்போன மறுமொழி. ரிஸ்வான் தலையைக் குனிந்து அதைத்தான் சொன்னான்.

"அல்லாஹ்ட நாட்டம் சேர். அவர்ர ஹயாத்து அவ்வளவுதான். எங்களுக்கு ஆரோடயும் ஒரு குறையும் இல்ல."

மண்டபத்தில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இரண்டு மூன்று பேர் 'ஆமீன்' என்றார்கள். இப்படி ஒரு பொறுமையான பிள்ளையா என்று அவர்களுக்கு ஒரு பெருமை. அதிகாரி அவனுடைய தோளைத் தட்டினார். அவன் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்துவிட்டான்.

அவன் கதைக்க வந்த கதை தொடங்கவே இல்லை.

மிஸ் கையை உயர்த்தினா. "சேர், இந்தத் தம்பிக்கு இன்னும் ஒண்டு சொல்ல இருக்கு."

அதிகாரி மெல்லிய குரலில் சொன்னார், "வேணாம் மிஸ். அந்தக் குடும்பம் இவ்வளவு பெரிய மனசோட கதைச்சிரிக்கி. நாம திரும்பத் திரும்பக் கேட்டு அவங்களப் புண்ணாக்கக்கூடாது." பிறகு சபையைப் பார்த்து, முகத்துவாரத்து விசயத்தை அடுத்த வருடத்துத் திட்டத்தில் சேர்ப்பதாகச் சொன்னார். அவசரம் என்றால் அந்த வீட்டுக்காரர்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்காரர் குறையில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு மற்றவன் எதைச் சொல்வது?

கூட்டம் முடிந்து அதிகாரியும் கூட வந்தவர்களும் முகத்துவாரத்தைப் பார்க்கப் போனார்கள். அன்றைக்குக் கடல் குளம்போலக் கிடந்தது. படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

ரிஸ்வான் மண்டபத்துப் பின்சுவரில் சாய்ந்து நின்றான். நான் கிட்டப் போனேன்.

"நீங்க ஏசுற மாதிரி அவர் ஏசியிருந்தா நான் சொல்லியிருப்பன் காக்கா" என்றான். "அவர் கையப் பிடிச்சிட்டாரே. கையப் பிடிச்ச மனிசனிட்ட எப்பிடிக் கணக்குக் கேக்கிற?"

பிள்ளைகள், இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஏசுகிற அதிகாரிக்கு முன்னால் நிற்க நாங்கள் அவனைப் பழக்கினோம். இரக்கப்படுகிற அதிகாரிக்கு முன்னால் நிற்கப் பழக்கவில்லை. உலகத்தில் ஏசுகிறவர்கள்தான் வழியை மறிப்பார்கள் என்று நினைத்தோம். அன்பாக மறிப்பவர்களும் இருக்கிறார்கள். தாங்கள் மறிக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது. கையேட்டில் இதற்கு அம்புக்குறி கிடையாது.

அன்று பின்னேரம் மிஸ் ஹசீனாவைப் பார்க்கப் போனா. நானும் கூடப் போய் விறாந்தையில் இருந்தேன். உள்ளே கதைத்தது எனக்குக் கேட்டது.

"அவன் என்ன சொன்னானாம் மிஸ்?"

மிஸ் மறைக்காமல் சொன்னா.

ஹசீனா, "அவன் சொன்னதுல பிழையில்ல. மௌத்து அல்லாஹ்ட நாட்டம்தான். மணலுமா?" என்றாள்.

பிறகு அவளே தொடர்ந்தாள்.

"அந்த அதிகாரிட வாகனம் என்ட வேலியத் தாண்டித்தான் போச்சு மிஸ். போக்கையும் பார்த்தன், வரவையும் பார்த்தன். அவங்கள இதில நிப்பாட்டி, வெளியில கதிரையப் போட்டு இருத்தியிருந்தா, நான் திரைக்கு உள்ளுக்கு நிண்டு சொல்லியிருப்பன். ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்லையே."

மிஸ்ஸை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். காரைதீவில் இறங்கும்போது, "அவவுக்குக் கஷ்டம் குடுக்கக்கூடாதெண்டுதான் நினைச்சன். கதைக்கிறதா வேணாமா எண்டு தீர்மானிக்கிறது அவட உரிமையெண்டு நினைக்கல்ல" என்றா. பயிற்சிகளில் உரிமை என்ற சொல்லை எத்தனையோ தடவை பலகையில் எழுதிய மனிசி அவ. இவ்வளவு மெதுவாக அந்தச் சொல்லை அவ சொல்லி நான் கேட்டதில்லை.

மிஸ் சும்மா இருக்கவில்லை. திரும்பவும் கூட்டம் கேட்டுப் பார்த்தா, ஆட்களைப் போய்ச் சந்தித்தா. எங்கும் ஒரே மறுமொழி: அடுத்த வருடம். ஹசீனாவின் இத்தா முடிந்தது. மாரி பிறந்தது.

மாரியின் தொடக்கத்தில், கடல் பொங்கி வருவதைக் கண்டு, வெளியே நின்ற போட்டுகள் எல்லாம் களப்புக்குள் திரும்பின. ரிஸ்வானின் போட் கடைசியாக வந்தது. அதே மணல், அதே இடம். இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

அவனை அடக்கிய பிறகு அந்த அதிகாரி வந்தார். யாரும் கூப்பிடாமல் தானாகத்தான் வந்தார். கல்முனையிலிருந்து வரும் வழியெல்லாம் மழை. ஹசீனாவின் வாசலில் குடையோடு நின்றார். நாங்களும் சங்கத்து ஆட்களும் விறாந்தையில் இருந்தோம்.

புருசனுக்காக இருப்பதுபோலத் தம்பிக்காக இத்தா இருப்பதில்லை. கூடப்பிறந்தவனின் துக்கம் மூன்று நாளோடு முடிய வேண்டும் என்பது மார்க்கம். நான் அந்தச் சட்டத்தை ஓதிய நாளிலிருந்து அறிவேன். அதற்குள் இப்படி ஒரு வாசல் திறந்திருக்கும் என்று அன்றுதான் கண்டேன். உள்ளே யாரோ ஒரு பெண், "நீ இரி புள்ள, ஆம்புளையள் கதைப்பாங்க" என்பது கேட்டது.

"தம்பிக்கு இத்தா இல்லதானே மாமி" என்றாள் ஹசீனா. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

அவருக்கு முகம் கறுத்துப்போயிருந்தது. "என்ன சொல்றதெண்டே தெரியல்ல தங்கச்சி. அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையத் தரட்டும்" என்றார்.

"ஆமீன் சேர்" என்றாள். "அல்லாஹ்ட நாட்டம். மழைக்குள்ள இவ்வளவு தூரம் வந்த உங்களுக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும். மேல வந்து இரிங்க."

கதிரை போட்டார்கள். அவர் இருந்தார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஆறுதல் சொல்லியாச்சு சேர், நானும் அதுக்கு மறுமொழி சொல்லிட்டன்" என்றாள். "இப்ப மத்தக் கதையக் கதைப்பம்."

அதற்குப் பிறகு வருடக்கணக்காக எங்கள் பயிற்சியில் இதைத்தான் பழக்கினோம். அனுதாபம் சொன்னால் முழுமனதோடு வாங்கிக்கொள், உன் வழக்கப்படி மறுமொழி சொல். பிறகு நிறுத்து. தண்ணீர் கொடு, இல்லாவிட்டால் நீ குடி. அதற்குப் பிறகு வந்த காரியத்தைத் தொடங்கு. ஒவ்வொரு தடவையும் பாதிப் பயிற்சியில் அதிகாரியாக நடிப்பவர் கத்துவார், மற்றப் பாதியில் அழுவார். பாதிக்கப்பட்ட ஆள் எங்கே இருந்தாலும், எந்த நிலையில் இருந்தாலும், முதலில் அவரிடம் போய்க் கேட்போம். வேண்டாம் என்று சொல்வதென்றால் அதை அவர் சொல்லட்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இவையெல்லாம் எந்தக் கருத்தரங்கிலும் படித்ததல்ல. அந்த விறாந்தையில் ஒரு மனிசி எங்களுக்குக் காட்டித் தந்தது.

அனுமதி கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. மழை விட்டதும் மெசின் இறங்கியது. இப்போது ஒவ்வொரு மாரிக்கு முன்னாலும் வெட்டுகிறார்கள்.

அன்று அவள் அந்த அதிகாரியிடம் சொன்னது மூன்றே மூன்று வசனம். கேட்கத் தொடங்கியதும் மிஸ் என் பக்கம் திரும்பிப் பார்த்தா. அவை எங்களுக்குத் தெரிந்த வசனங்கள். அதே விறாந்தையில் நான் கதிரையில் இருந்து வெருட்ட வெருட்ட, ரிஸ்வான் நின்று பாடமாக்கியவை. திரைக்குப் பின்னால் இருந்து அவளும் அவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எங்கட மச்சான்" என்று அவன் சொன்ன இடத்தில் "என்ட ஊட்டுக்காரரும் என்ட தம்பியும்" என்றாள். மெசின நாங்க பிடிப்பம், அனுமதி உங்கட கையில இரிக்கி என்றாள். மூன்றாவது வசனத்துக்கு வந்தாள். மாரி ஏற்கனவே வந்துவிட்டபடியால் அதில் ஒன்றை மாற்றினாள்.

"அடுத்த போட் வாறதுக்கு முன்னம்" என்றாள்.

அங்கே அவளுக்குத் தொண்டை அடைத்தது. எச்சில் விழுங்கினாள். ரிஸ்வான் எப்போதும் திக்கும் அதே இடம்.

"அந்த அனுமதியத் தாங்க."